பேச்சு வராத படம்

மழையில் நனைந்த மொட்டைமாடியில் ஆண்டனாவின் அலுமினியக் குழாய் கிறீச்சிடும் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. மணவாளக்குறிச்சியில் எங்கள் சித்தப்பா வீட்டில், அவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கலர் டிவி இருந்தது; ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அந்த வீட்டுத் தரையில்தான் கிடப்போம். எங்கள் பக்கம் திருவனந்தபுரம் நிலையம்தான் தெளிவாக எடுக்கும். செய்தியும் நாடகமும் மலையாளத்தில் ஓடும். பாதி புரியும், மீதியைச் சித்தி சொல்லித் தருவாள். இடையிடையே, எந்த நாட்டிலிருந்தோ வந்த குட்டிக் கார்ட்டூன் படம் ஒன்றைப் போடுவார்கள். அதில் யாரும் பேசவே மாட்டார்கள். சித்தியின் உதவி எங்களுக்குத் தேவைப்படாத ஒரே நிகழ்ச்சி அது.

ஒரு படத்தில், சட்டையிலிருந்து அறுந்து விழுந்த கறுப்புப் பொத்தான் தெருவில் உருண்டு ஓடும். அதன் பின்னாலேயே ஒரு வயலின் ஓடும். பொத்தான் படியில் தத்தினால் வயலினும் தத்தும். பொத்தான் சாக்கடை விளிம்பில் வந்து தள்ளாடும்போது இசை நின்றுபோகும். எங்கள் மூச்சும் நின்றுபோகும். சரியாக அந்த இடத்தில்தான் சித்தி, "பேச்சு வரல்ல, கேட்டியளா" என்றாள். சித்தப்பா இடுப்பிலிருந்த சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறி ஆண்டனாவைத் திருப்ப ஆரம்பித்தார்.

"ஏட்டி, பேச்சு வந்துதா?"

"பாட்டு கேக்கு. பேச்சக் காணல்ல!"

"டிவிக்காரனுக்கு வாயில புண்ணா என்ன? இப்பம் பாரு!"

"இப்பம் படமும் போச்சு! எறங்கி வாருங்க!"

திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. பேச்சு இல்லையென்றால் எங்கோ பழுது என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. அந்தப் படம் மறுபடி வந்தபோதெல்லாம் சித்தப்பாவும் மறுபடி மாடியேறினார். பொத்தான் என்னவாயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று சென்ற வாரம் நாகர்கோவிலில் டாக்டர் சொன்னார். பயிற்சியை விடாமல் தொடருங்கள், எப்போது பேசுவான் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

சித்தி எங்களைப் பார்க்க வந்திருந்தாள். அவன் தலையைத் தடவி, "பேச்சு இன்னும் வரல்லியா மக்கா?" என்று என்னிடம் கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள். நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். 'அம்மா சொல்லு, அம்மா சொல்லு' என்று நாள் முழுக்க அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தவள் நானும்தானே.

சித்தி போன பிறகு, போனில் தேடிப் பேச்சில்லாத படம் ஒன்றைப் போட்டேன். நத்தை ஒன்று குன்றின்மேல் ஏறுகிறது. கூடவே ஒரு புல்லாங்குழல். அவன் என் மடியில் சாய்ந்து அசையாமல் பார்த்தான். இன்று எங்கள் தெருவில் ஒரு மாடியிலும் ஆண்டனா இல்லை, சித்தப்பாவும் இல்லை. படம் தடையில்லாமல் கடைசிவரை ஓடி முடிந்தது.

முடிந்ததும் அவன் புல்லாங்குழலின் மெட்டை முனகினான். நானும் சேர்ந்து முனகினேன். சட்டென்று அவன் கை என் வாயைப் பொத்தியது. தலையை வேகமாக ஆட்டிவிட்டு, நான் தவறவிட்ட இடத்தை மட்டும் மெதுவாக முனகிக் காட்டினான். மறுபடி முயன்றேன். மறுபடி பொத்தினான். மூன்றாவது முறை கோபம் வந்து, என் மடியிலிருந்து இறங்கி, எதிரே நின்று, முதலிலிருந்து முழுவதையும் முனகினான்.

அவன் வாயிலிருந்து ஒரு சொல் வர வேண்டும் என்று இத்தனை காலம் காத்திருக்கிறேன். அது இன்னும் வரவில்லை. ஆனால் எனக்குப் பாட வராது என்பதை அவன் சொல்லிவிட்டான்.