குழு மாறிப் போன வினாடி வினா

சேலத்தில் இன்று ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி. போனிலேயே வினாடி வினா தயாரிக்கச் சொன்னார்கள். பத்துக் கேள்வி போட்டு, பயிற்சிக் குழுவுக்கு என்று நினைத்து என் எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

ஆட்டையாம்பட்டி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கவனித்தேன். எப்படி அழிப்பது என்று தேடுவதற்குள் முப்பது பேர் எழுதி முடித்துவிட்டார்கள். சனிக்கிழமை லீவு வேறு.

மாணவி யாழினியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். பின்னால் விசைத்தறிச் சத்தம்.

"டீச்சர், நாலாவது கேள்விக்கு நீங்க வெச்ச விடை தப்புங்க. எல்லாரு மார்க்கும் எல்லாருக்கும் தெரியுதுங்க. அதை மறைக்கறது எப்படின்னு வீடியோ எடுத்து அனுப்பியிருக்கறேனுங்க."

பார்த்தேன். காலையிலிருந்து பயிற்சியில் புரியாதது ஒரே நிமிடத்தில் புரிந்தது.

திங்கட்கிழமை பயிற்சியின் இரண்டாம் நாள். நான் போகட்டுமா, அவளை அனுப்பட்டுமா? நீங்களே சொல்லுங்க.