ராகலை மாரியம்மனுக்கு முன்னால் ஒரு பீலிக் குளியல்

தலவாக்கலை முருகன் கோயிலில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். குளிருக்கு உள்ளே போட்டிருந்தது போன தேர்தலில் இலவசமாகக் கிடைத்த டீ-சேர்ட். அதில் வேட்பாளர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். ஐயர் பார்த்துவிட்டு, “அவரையும் வெளியில விட்டுட்டு வாங்க” என்றார். வரிசையே சிரித்தது. சத்தமாகச் சிரித்தது என் மகள்.

அவளுக்குக் கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. விசா வந்தால் மூன்று பழைய கோயில்களுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக மனைவி நேர்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை விமானம். எங்களுக்கு இருந்தது இந்த ஒரு ஞாயிறுதான். மூன்றையும் முடிக்காமல் வீடு திரும்புவதில்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டேன்.

வட்டகொடையில் இருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வேன் வாடகை பதினாலாயிரம், டீசலும் சேர்த்து. பஸ்ஸில் போனால் மிச்சம்தான். ஆனால் ஒரே நாளில் மூன்று கோயில் நடக்காது. தலவாக்கலையை முடித்து, நுவரெலியாவில் தேநீர் குடித்து, சீத்தா எலிய அம்மனைப் பார்த்தோம். ஆற்றங்கரையில் சின்னக் கோயில், பெரிய கூட்டம். ஒன்பதுக்கு முன் போய்விடுங்கள், பிறகு சுற்றுலா பஸ்கள் வந்துவிடும்.

மூன்றாவது ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மாரியம்மன். தோட்டம் போட்ட காலத்திலேயே வைத்த சாமி என்கிறார்கள். வெளிநாடு போகிறவர்களுக்குத் துணை நிற்பாள் என்று யாரோ சொன்னதை மனைவி பிடித்துக்கொண்டாள். நுவரெலியாவில் இருந்து கந்தப்பளை வழியாக ஒரு மணி நேரம். கடைசித் துண்டு ரோடு, வேனுக்கும் முதுகுக்கும் கெடுதி.

பதினொன்றரைக்குப் போய் இறங்கினால் கோயிலில் பூட்டு. பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், தப்பு மேளச் சத்தம்.

பூசாரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். “லயத்துல சாவுங்க. பொணம் எடுத்து, கோயிலக் கழுவித்தான் நடை தொறப்போம்.”

“எப்பங்க எடுப்பாங்க?”

“தூக்க ஆளில்ல. இளவட்டமெல்லாம் கொழும்புல கடையில நிக்கிதுக. ரெண்டு பேர் வரணும்னு காத்திருக்காங்க.”

வேன்காரர் செல்வம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். “நம்மளே ரெண்டு பேர் இருக்கோமே தம்பி” என்றேன். புண்ணியத்துக்குச் சொல்லவில்லை, சீக்கிரம் எடுத்தால் சீக்கிரம் திறப்பார்களே என்றுதான்.

இறந்தவர் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை செய்த மனிதர். ஒரே மகள் குவைத்தில். டிக்கெட் கிடைக்கவில்லையாம். வீடியோ கோலில் இருந்தாள். சித்தி ஒருத்தி போனைப் பிடித்திருந்தாள். அழுகிற கையில் போன் நிற்குமா? கூரையும் செருப்பும்தான் தெரிந்திருக்கும். “அப்பா மொகம் தெரியலயே, அப்பா மொகம் தெரியலயே” என்று அந்த மகள் போனுக்குள் கத்திக்கொண்டிருந்தாள்.

யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. என் மகள் உள்ளே போய் அந்தப் போனை வாங்கினாள். “அக்கா, இப்ப தெரியுதா? இன்னும் கிட்ட கொண்டு போகவா?”

“கிட்ட, தங்கச்சி. நெத்தியக் காட்டு. கையக் காட்டு.”

தண்ணீர் ஊற்றி, வாய்க்கரிசி போட்டு முடியும்வரை அவள் கை ஆடவில்லை. பெண்கள் அதற்கு மேல் வராமல் நின்றுவிடும் பாதை முடக்கு வரைக்கும் போனை உயரப் பிடித்துக்கொண்டே பாடைக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள். நான் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தேன். தேயிலைக்குள்ளே ஒற்றையடிப் பாதை, நல்ல ஏற்றம். எனக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து பின்னால் வந்த கிழவர், “தம்பி, உங்களயும் சேத்துத் தூக்க ஆளில்லீங்க, பாத்து” என்றார்.

மயானத்தில் இருந்து திரும்பி வந்து நேராகக் கோயில் படியில் கால் வைத்தேன். பூசாரி பாய்ந்து வந்தார். “பாட தூக்குன ஆளு குளிக்காம எப்படிங்க உள்ள வருவீங்க?”

நடை திறப்பதற்காகச் சாவுக்குப் போய், சாவுக்குப் போனதால் நடைக்குள் போக முடியாத ஆள் இந்த மலையகத்தில் நான் ஒருவன்தான். பெண்களுக்கு லயத்தில் சுடுதண்ணீர் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கும் செல்வத்துக்கும் பீலி. மலையில் இருந்து குழாய்வழி வந்து விழும் தண்ணீர், தலையில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. மனைவி தள்ளி நின்று, “என்னங்க, இன்னும் கால் மணி நேரத்துல பூசை, சுருக்கா!” என்று விரட்டினாள். பல் அடித்துக்கொள்ள, மூன்றரைக்கு உள்ளே போனோம். மகள் பேருக்கு அர்ச்சனை. நேர்த்தி முடிந்தது.

போகிறவர்களுக்கு: தோட்டத்துக் கோயில் என்றால் முதல் நாளே யாரிடமாவது விசாரியுங்கள், சாவு இருந்தால் நடை சாத்தியிருக்கும். மாற்று உடுப்பு, துவாய் எடுத்துப் போங்கள். சாப்பாட்டை ராகலை டவுனிலேயே முடித்துவிடுங்கள், மேலே கடை இல்லை.

வேன் மலை இறங்கும்போது மகள் கேட்டாள். “ரொம்ப நேரம் கண்ண மூடி நின்னீங்களே, என்னப்பா வேண்டுனீங்க?”

“பீலித் தண்ணி கொஞ்சம் சுடச்சுட வரணும்னு.”

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அம்மனிடம் கேட்டது அது இல்லை. எனக்கு அந்த நேரம் வந்து, இவளால் வர முடியாமல் போனால், கை ஆடாமல் போனைப் பிடிக்க எவர் பெற்ற பிள்ளையாவது ஒன்று பக்கத்தில் நிற்கட்டும், தாயே.