லாண்டரி அண்ணாச்சி டாக்டர் இல்லை

மனாமாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். டாக்டர் வேலை இல்லை, நர்ஸ் வேலையும் இல்லை. டாக்டராக வந்தவர் டாக்டர்தானா, நர்ஸாக வந்தவர் நர்ஸ்தானா என்று பார்க்கிற வேலை. சான்றிதழ்களைச் சரிபார்ப்பேன், லைசென்ஸ் காலாவதியாகப் போகிறது என்று நினைவூட்டுவேன், ஃபைல் போடுவேன். திருச்சியில் என் மாமனார் தெரிந்தவர்களிடம் "மாப்பிள்ளை பஹ்ரைன்ல ஆஸ்பத்திரியில இருக்கார்" என்று பெருமையாகச் சொல்வார். கேட்டவர்கள் "ஐயோ, என்ன உடம்புக்கு?" என்பார்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில் எங்கள் மருத்துவமனை, ஊரில் இருந்த அமெரிக்கக் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்க்க ஒரு ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. அமெரிக்க அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. அரசு மருத்துவத் திட்டங்களில் பொய் பில் போட்டவர்கள், நோயாளிகளைக் கொடுமைப்படுத்தியவர்கள், லைசென்ஸ் பறிபோனவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அதில் பெயர் உள்ளவர் யாரும் எங்களிடம் வேலை செய்யக் கூடாது, எங்களுக்கு எதையும் விற்கவும் கூடாது. எனவே தலைமை டாக்டர் முதல் தண்ணீர் கேன் போடுபவர் வரை எல்லோர் பெயரையும் மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். யார் ஒப்பிடுவது என்று கூட்டத்தில் கேள்வி வந்தபோது எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். நான் மட்டும் கேட்டவரைப் பார்த்துவிட்டேன்.

பட்டியல் இணையத்தில் இருந்தது. ஒரு தடவைக்கு ஐந்து பெயர்தான் போட முடியும். எங்களிடம் இருந்ததோ நானூற்றுச் சொச்சம் பேர். அதைவிடப் பெரிய தொல்லை, அந்தத் தளம் ஒவ்வொருவருக்கும் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்டது. நம் ஆட்களுக்கு ஏது கடைசிப் பெயர்? ஒரு இனிஷியலும் ஒரு பெயருமாகத்தான் பிறந்து வளர்கிறோம். வெளிநாடு போகும்போது பாஸ்போர்ட் ஆபீஸில் அப்பாவின் பெயரைப் பிடித்துப் பின்னால் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். என் பாஸ்போர்ட்டின்படி என் குடும்பப் பெயர் அப்பாவுடைய பெயர்தான். அமெரிக்காக்காரர்கள் என்னைத் தேடினால் மாட்டப்போவது, ரிட்டயர் ஆகி ஸ்ரீரங்கத்தில் சிவனே என்று உட்கார்ந்திருந்த அவர்.

முதல் மூன்று நாட்கள் ஒரு பெயரும் சிக்கவில்லை. ஐந்து ஐந்தாகப் போட்டேன்; இல்லை, இல்லை, இல்லை என்று வந்தது. எனக்கே கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. நான்காம் நாள் சப்ளையர்களின் பெயர்களைப் போட்டபோது திரையில் ஒரு வரி சிவப்பாக வந்து நின்றது.

அது எங்கள் லாண்டரி அண்ணாச்சியின் பெயர்.

மருத்துவமனையின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் கவுன் எல்லாம் மனாமாவின் குதைபியா பகுதியில் இருந்த ஒரு லாண்டரிக்குப் போய் வந்தன. லைசென்ஸ் ஒரு பஹ்ரைனியின் பெயரில்; விசா கொடுக்கிற அந்த முதலாளியை அங்கே கபில் என்பார்கள். நடத்துவது கோவில்பட்டிப் பக்கத்துக்காரரான அண்ணாச்சி. இஸ்திரி போட வந்தவர், பதினாறு வருடத்தில் கடையை நடத்துகிற அளவுக்கு வந்திருந்தார். கட்டையான ஆள், எப்போதும் வெள்ளைச் சட்டை, ஒரு சுருக்கம் இருக்காது. திரையில் இருந்த வரியின்படி அவர் அமெரிக்காவில் எலும்பு டாக்டர். செய்யாத வைத்தியத்துக்கு பில் போட்டதால் விலக்கப்பட்டவர்.

அது வேறு ஆள் என்று எனக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? ஆனால் எனக்குத் தெரிந்தால் போதாது. பட்டியலில் பிறந்த தேதி இருக்க வேண்டிய இடம் இந்த ஒரு வரியில் மட்டும் காலியாக இருந்தது. அமெரிக்க அடையாள எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம் என்று தளம் யோசனை சொன்னது. கோவில்பட்டிக்காரரிடம் அமெரிக்க எண்ணுக்கு எங்கே போவது? துபாய் மண்டல அலுவலகத்தில் இந்த விஷயங்களைப் பார்த்துக்கொண்ட ஒரு அமெரிக்கப் பெண்மணிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நாங்கள் அவரைத் துபாய் மேடம் என்போம். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: வேறு ஆள் என்று நிரூபணம் ஆகும்வரை அவரிடம் எந்த வேலையும் தரக் கூடாது.

போன் செய்தேன். பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"அண்ணாச்சி, ஒரு சின்ன பிரச்சினை. உங்க பேர் அமெரிக்காவுல ஒரு லிஸ்ட்ல இருக்கு."

மெஷின் நின்றது. "எந்த ஊர்ல?"

"அமெரிக்காவுல. உங்க பேர்ல ஒரு டாக்டர் இருக்காராம். தப்பு பண்ணி மாட்டியிருக்கார். அது நீங்க இல்லேன்னு நிரூபிக்கணும். அதுவரைக்கும் துணி எடுக்க வர வேணாம்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"டாக்டரா?" என்றார். குரலில் சந்தோஷம் வழிந்தது. "என் பேருலயா? எங்கய்யா பேரும் அதேதானா?"

"ரெண்டும் அதேதான்."

"அப்போ நம்ம பக்கத்து ஆளாத்தான் இருப்பான், பாத்துக்கிடுங்க. என்ன தப்பு பண்ணுனான்?"

சொன்னேன். சந்தோஷம் வந்த வேகத்தில் போய்விட்டது. "படிச்சவன் செய்யுத வேலையா இது? என் பேரை வச்சிக்கிட்டு! எங்கய்யா பேரையும்லா கெடுத்திருக்கான்."

துணி நின்றுபோனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு முழுவதும் அந்த டாக்டர் மேல்தான் அவருக்கு வருத்தம்.

அவசரத்துக்கு வேறொரு லாண்டரியைப் பிடித்தோம். அவர்கள் முதல் நாள் போட்ட கஞ்சியில் விரிப்புகள் அப்பளம் மாதிரி வந்தன. மடித்தால் உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இரண்டாம் நாள் எதோடு எதைப் போட்டார்களோ, வெள்ளை விரிப்பு மொத்தமும் ரோஸ் நிறத்தில் திரும்பியது. முட்டி ஆபரேஷனுக்கு வந்திருந்த ஒரு பஹ்ரைனிப் பெரியவர், தன்னைப் பிரசவ வார்டில் தவறிப் போட்டுவிட்டார்களா என்று கேட்டாராம். நாகர்கோவில்காரரான தலைமை நர்ஸ் ஒரு ரோஸ் தலையணை உறையோடு என் அறைக்குள் வந்தார்.

"இத நீங்களே பாருங்க. எனக்க வார்டுல பதினெட்டு பெட்டும் இதே கலருதான். அண்ணாச்சி எப்ப வருவாரு?"

"அவர் டாக்டர் இல்லேன்னு தெரிஞ்ச உடனே வருவார், சிஸ்டர்."

"அவரு டாக்டர் இல்லன்னு எனக்குத் தெரியுமே!"

"துபாய்க்குத் தெரியணும்."

உறையை என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, "அவரு இன்னைக்கும் போன் பண்ணினாரு, தெரியுமா? ரத்தக்கறை பட்ட ஷீட்ட மொதல்ல பச்சத் தண்ணியில போடச் சொல்லுங்க, புதுசா வந்தவனுக்குத் தெரியாதுன்னு. வேலைய நிறுத்தினது நாம, கவலப்படுகது அவரு" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றைக்கே அண்ணாச்சியை வரச் சொன்னேன். ஒருவர் டாக்டர் என்று நிரூபிக்க வழி உண்டு. அதற்குச் சான்றிதழ் இருக்கிறது. டாக்டர் இல்லை என்பதற்கு எந்தப் பல்கலைக்கழகம் சான்றிதழ் தரும்? யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. அந்த டாக்டர் அமெரிக்காவில் பொய் பில் போட்டுக்கொண்டிருந்த வருடங்களில் நம் ஆள் பஹ்ரைனில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் என்று காட்டினால் போதும். பாஸ்போர்ட் முத்திரைகள் சாட்சி.

ஒரு துணிப்பையில் மூன்று பாஸ்போர்ட்டுகளைக் கொண்டுவந்தார். பழையது இரண்டையும் புதியதோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள்; ஒரு சின்ன அகராதி கனம் இருந்தது. நான் தேதி வாசிக்க, அவர் ஊருக்குப் போன காரணத்தைச் சொல்ல, தாளில் வரிசையாக எழுதினேன். பதினாறு வருடத்தில் ஏழு தடவை. ஒவ்வொன்றும் நாற்பது, ஐம்பது நாள். ஒன்று மட்டும் இடித்தது.

"என்ன அண்ணாச்சி இது, ஒன்பது நாள்ல திரும்பி வந்திருக்கீங்க?"

"அது ஒரு கல்யாணத்துக்குப் போனது, சார்."

"யார் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

பேனாவை வைத்துவிட்டேன். அவர் சிரித்தார். "அப்போ ரெண்டு ஆளுவதான் கடையில. ஒருத்தன் லீவுல போயிட்டான். கபில் பத்து நாளு குடுத்தாரு. ஒரு நாளு பம்பாய் ஏர்போர்ட்லயே போச்சு. பொறவு ஒன்றரை வருசம் கழிச்சுப் போனேன். கதவத் தொறந்தவ யாரு வேணும்னு கேட்டுட்டா."

"நிஜமாவா?"

"மீசைய எடுத்திருந்தேன், அதான்" என்றார். அதுதான் காரணம் என்று அவர் நம்பினாரா, நான் நம்ப வேண்டும் என்று சொன்னாரா, தெரியவில்லை. நான் தேதியை எழுதிக்கொண்டேன். காரணம் என்ற கட்டத்தில் "சொந்தத் திருமணம்" என்று ஆங்கிலத்தில் எழுதியபோது அவர் எட்டிப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்றார்.

துபாய் மேடத்துக்கு எல்லாவற்றையும் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டேன். அண்ணாச்சி எதிரிலேயே இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். மேடம் கண்டிப்பான குரலில், ஒரு கேள்வியை அண்ணாச்சியிடம் நேரடியாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்றார். எப்போதாவது, எந்த நாட்டிலாவது, இவர் மருத்துவம் பார்க்க உரிமம் பெற்றிருந்தாரா?

நான் சிரிப்பைக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு தமிழில் கேட்டேன்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். போனைப் பார்த்துச் சொன்னார்: "எட்டாப்பு ஃபெயிலு. அப்படியே இங்கிலீசுல சொல்லுங்க, சார். கணக்குல மட்டுந்தான் ஃபெயிலு, அதையும் சொல்லிருங்க."

சொன்னேன். துபாயிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அந்தப் பெண்மணி சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. "தயவுசெய்து அவரை வேலைக்குத் திரும்பச் சொல்லுங்கள். சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லுங்கள்" என்றார்.

"யாரு மன்னிப்புக் கேட்டா? அமெரிக்காவா?" என்றார் அண்ணாச்சி.

நான் மறுக்கவில்லை.

மறுநாள் விரிப்புகள் வெள்ளையாக வந்தன. அந்த வாரமே ஃபைலுக்காக ஒரு கடிதம் தயார் செய்தேன்: இன்னார் அமெரிக்க அரசின் விலக்குப் பட்டியலோடு ஒப்பிடப்பட்டார், பட்டியலில் உள்ள மருத்துவர் இவர் அல்ல. அண்ணாச்சி ஒரு பிரதி கேட்டார். கொடுத்தது என் தப்பு. அதைக் கண்ணாடி போட்டு, லாண்டரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். குதைபியா முழுக்க, அமெரிக்கா விசாரித்துப் பார்த்து நல்லவர் என்று சொன்ன ஆள் என்று பேச்சு பரவியது. ஒரு சாயங்காலம் முடி வெட்டிக்கொள்ளப் போனபோது பக்கத்து சலூன்காரர் கத்திரியை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சார், நானும் டாக்டர் இல்ல. எனக்கும் ஒரு லெட்டர் குடுப்பீங்களா?"

கதை அதோடு முடியவில்லை. ஒப்பிடுவது மாதாமாதம் நடக்க வேண்டிய வேலை அல்லவா? ஒவ்வொரு மாதமும் அண்ணாச்சியின் பெயரைப் போட்டால் அந்தச் சிவப்பு வரி வந்து நிற்கும். ஒவ்வொரு மாதமும் அவரிடம் புதிதாக ஒரு வாய்மொழி உறுதி வாங்கி எழுத வேண்டும் என்பது விதி. போன் செய்வேன்.

"அண்ணாச்சி, இந்த மாசமும் நீங்க டாக்டர் இல்லையே?"

"இன்னும் இல்ல சார்."

பிறகு இரண்டு நிமிடம் பேசுவோம். ஊரில் மழை பெய்ததா, பெண் எந்த வகுப்பு, இப்படி. கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "அவன் எப்படி இருக்கான்?"

அந்த டாக்டரைத்தான். பட்டியலில் அப்படியேதான் இருக்கிறார் என்பேன். "ம்" என்பார். முதலில் அதில் கோபம் இருந்தது. போகப் போக, கெட்டுப்போன ஒன்றுவிட்ட தம்பியைப் பற்றி விசாரிக்கிற குரல் ஆகிவிட்டது. "பிள்ளைகுட்டி இருக்குமா சார்? அதெல்லாம் லிஸ்ட்ல போடுவாங்களா?" என்று ஒருமுறை கேட்டார். போடமாட்டார்கள் என்றேன்.

மூன்றாவது வருடம் ஒரு மாதம் பெயரைப் போட்டேன்; சிவப்பு வரி வரவில்லை. எழுத்துப்பிழையோ என்று மறுபடி போட்டேன். இல்லை. விலக்குக் காலம் முடிந்து, மனு கொடுத்து, திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்த மாதம் அண்ணாச்சிக்குப் போன் செய்ய எந்த விதியும் இல்லை. செய்தேன்.

"அண்ணாச்சி, அவர் லிஸ்ட்ல இல்ல. எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா? அப்போ திரும்ப வேலை பாக்கலாமா?"

"பாக்கலாம்."

"திருந்திட்டாம்போல" என்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். "நல்லாயிருக்கட்டும் சார். எலும்பு டாக்டருல்லா, எத்தன பேருக்கு உதவும்."

அன்று மதியம் விரிப்புகளோடு ஒரு கிலோ லட்டும் வந்தது. எதற்கு என்று தலைமை நர்ஸ் கேட்டார். அமெரிக்காவில் அண்ணாச்சிக்கு வேண்டப்பட்ட ஒருவருக்குத் திரும்ப வேலை கிடைத்திருக்கிறது என்றேன். அவர் இரண்டு எடுத்துக்கொண்டார்.