விண்கப்பலின் மெக்கானிக்

என் கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில் ஏசி மாட்டும்போது கீழே விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல்தான் அன்னவாசலுக்குத் திரும்பி வந்தார். வந்த பிறகு ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கினோம். பள்ளிச் சீருடைகளுக்கு பேட்ஜ் போடுவதுதான் வேலை. அவர் படுத்தபடியே லேப்டாப்பை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, ஊசி எங்கே குத்தி எப்படித் திரும்ப வேண்டும் என்று வரைந்து கொடுப்பார். அதற்கு பஞ்சிங் என்று பெயர். துணியை மாட்டுவது, நூல் மாற்றுவது, ஓரம் வெட்டுவது எல்லாம் நான்.

ஒரு நாள் சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவரும் நண்பர்களும் ஒரு விண்கப்பலைக் கற்பனையாக உருவாக்கி, அதில் வேலை செய்பவர்களைப் போல உடுத்திக்கொண்டு, வேடம் போட்டு வருபவர்களுக்கென்றே நடக்கும் கண்காட்சிகளுக்குப் போவார்களாம். சீருடை தைத்தாகிவிட்டது, பேட்ஜ் வேண்டும் என்றார். வழி காட்டுபவருக்கு நீலம், டாக்டருக்குப் பச்சை, கேப்டனுக்குத் தங்க நிறம்.

"வளந்த ஆளுங்களா இதெல்லாம் போட்டுக்கிறாங்க?" என்றேன் நான்.

கணவர் சிரிக்கவில்லை. அந்தக் கப்பலின் அளவு என்ன, எத்தனை தளம், எங்கே தூங்குவார்கள் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அது சரிங்க, இம்புட்டுப் பெரிய கப்பல்ல மெக்கானிக்கே இல்லையே! உள்ள காத்து நின்னுபோச்சுன்னா யாரு பாக்குறது?" என்றார்.

"அதை யாருமே யோசிக்கலண்ணா. நீங்களே மெக்கானிக்கா வந்துடுங்க" என்றார் சென்னைக்காரர்.

பேச்சுக்குச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த கண்காட்சிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். சீருடைத் துணியும் அனுப்பினார்கள். கணவர் தனக்கென்று ஒரு பேட்ஜ் வரைந்தார். ஆரஞ்சு வட்டத்துக்குள் ஒரு ஸ்பானர், அதன் வாயில் ஒரு சின்ன நட்சத்திரம். நட்சத்திரத்தின் முனை மழுங்குகிறது என்று திரும்பத் திரும்பத் திருத்தினார். பள்ளிக்கூட பேட்ஜில் எழுத்து கோணிப்போனால்கூடக் கவலைப்படாத மனுசர் அவர்.

சட்டையை முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்து, நாடா வைத்துத் தைத்தேன். அப்படித் தைத்தால்தான் படுத்திருப்பவருக்கு மாட்ட முடியும்.

அந்த நேரத்தில்தான் அவருடைய படுக்கைப்புண் ஆழமாகிக்கொண்டிருந்தது. புதுக்கோட்டை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உக்கார வைக்கவே கூடாதும்மா. சென்னைப் பயணமெல்லாம் நெனச்சே பாக்காதீங்க" என்றார். நான் அதை வீட்டில் சொல்லவில்லை. வேனில் மெத்தை போட்டுப் போய்விடலாம் என்று அவர் சொன்னபோதெல்லாம் சரிங்க, சரிங்க என்றேன்.

கண்காட்சி நெருங்கியபோது சென்னைக்காரர் பொன்னமராவதிக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தார். நேரில் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். அவர் வருகிறார் என்றதும் கணவர் சட்டையை மாட்டிவிடச் சொன்னார். நெஞ்சில் பேட்ஜ். தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிட்டேன்.

வந்தவருக்கு முப்பது வயதிருக்கும். கல்யாண வேட்டியோடு வந்தார். கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். இவர் எழுந்து நடக்க முடியாதவர் என்பது அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கணவர் சொல்லவே இல்லை.

"உள்ள வாங்க, கேப்டன்" என்றார் கணவர்.

வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பேட்ஜைத் தொட்டுப் பார்த்தார். நான் கொடுத்த காபியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணா, இதை போன்ல சொல்ல மனசு வரல. இந்த வருசம் நாங்க போகல. ரெண்டு பேர் கனடா போயிட்டாங்க. டாக்டரா நடிச்ச பொண்ணு, கல்யாணத்துக்கப்புறம் குரூப்பை விட்டுப் போயிடுச்சு. எனக்கும் வேலை மாறிடுச்சு."

"அப்ப கப்பலு?"

"எல்லாரும் எறங்கிட்டாங்கண்ணா."

"நான் இருக்கேனே" என்றார் கணவர். "ஆளு சேத்தா ஓடும்ல?"

சென்னைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "உடம்பப் பாத்துக்குங்கண்ணா" என்று எழுந்தார். தெருமுனை வரை கூடப் போனேன். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருக்கவே மாட்டேன்" என்றார்.

திரும்பி வந்தபோது கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டையக் கழட்டி விடு."

"கொஞ்ச நேரம் போட்டிருங்களேன். நல்லாத்தான இருக்கு."

"வேர்க்குதுடி."

நாடாவை அவிழ்க்கும்போது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சென்னை போக முடியாது என்று டாக்டர் சொன்னதை இனி நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு நிம்மதி எனக்குள் வந்தது. வந்ததும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அதன்பிறகு அவர் லேப்டாப்பைத் தொடவில்லை. வற்புறுத்தினால் கண்ணை மூடிக்கொள்வார். புண் எலும்பு வரை போய்விட்டது. வீட்டிலேயே மருந்து வைத்துக் கட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். பஞ்சிங் வேலையை இப்போது புதுக்கோட்டையில் ஒரு கடையில் கொடுத்து வாங்குகிறேன். அவர் கட்டிலுக்கு எதிரேதான் மெஷின் ஓடுகிறது. என்ன தைக்கிறாய் என்று அவர் கேட்பதில்லை.