முந்நூற்று எண்பது ரூபாய்க் கத்தியோடு இத்தலார் வரை

போன வருடம் குன்னூர்ச் சந்தையில் நன்றாகப் பழுத்த பட்டர் ஃப்ரூட் இரண்டு வாங்கினேன். வெட்டக் கத்தி இல்லை. வீட்டுச் சாவியால் கீறி, பாதியைத் தின்று, மீதியைத் துப்பட்டாவில் பூசிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். இனி கத்தி இல்லாமல் மலையேறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இந்த ஜூலையில் மூன்று நாள் லீவு கிடைத்தது. தனியாகப் பஸ் ஏறிச் சுற்றுகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், கத்தி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

கத்தியைத் திருப்பூரிலேயே ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். விலை முந்நூற்று எண்பது ரூபாய். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. அலகு எட்டு சென்டிமீட்டர் இருக்கும். எடை நூற்றுப் பத்து கிராம். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். கட்டைப் பிடி, துருப்பிடிக்காத எஃகு. விரித்ததும் உள்ளே ஒரு தகடு வந்து முட்டுக்கொடுத்து நிற்கும், அதைக் கட்டைவிரலால் ஒதுக்கினால்தான் மடங்கும். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள் நான். நாள் முழுக்க நூல் பிசிறு வெட்டுகிற கைக்கு அலகு நல்லதா கெட்டதா என்று தொட்டதும் தெரியும். இது நல்லது. அந்த முட்டுத் தகடு மட்டும் புதுச் செருப்பு மாதிரி விறைப்பாக இருந்தது. "ஊட்டிக்குப் போறியா, சண்டைக்குப் போறியா?" என்றார் வீட்டுக்காரர். மடக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் காலை 5.10க்குத் திருப்பூரில் பஸ் ஏறினேன். மேட்டுப்பாளையத்தில் ஏழு மணிக்கு இரண்டு இட்லி, ஒரு டீ. 7.25 பஸ் குன்னூரைத் தொட்டபோது ஒன்பது தாண்டிவிட்டது. முப்பத்து நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளில் பஸ் யோசித்து யோசித்துத் திரும்பும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை மலையடிவாரச் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடையில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை கிடைத்தது. வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டுவரை மட்டும்.

அன்று முழுக்கக் கத்திக்குச் சுகமான வேலைதான். பட்டர் ஃப்ரூட்டை வழுக்காமல் சுற்றி அறுத்தது, கொட்டையில் பட்டும் முனை மழுங்கவில்லை. வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தின் நூலை அறுத்தேன், கேரட் சீவினேன், செருப்பில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்டினேன். சும்மா இருக்கும்போதும் எடுத்து விரித்து மடக்கி, விரித்து மடக்கி விளையாடிக்கொண்டிருந்தேன். இந்த வயதில் ஒரு பொருள்மேல் இப்படி ஆசை வருமென்று நான் நினைக்கவேயில்லை.

இரண்டாம் நாள் எட்டு மணிக்குக் குன்னூரிலிருந்து ஊட்டி. பத்தொன்பது கிலோமீட்டர், வெலிங்டன் தாண்டியதும் ஜன்னலை மூடும் அளவுக்குக் குளிர். ஊட்டியில் கூட்டத்தைப் பார்த்ததும் ஏரியும் வேண்டாம் பூங்காவும் வேண்டாம் என்று இத்தலார் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன். மகளிருக்குக் கட்டணமில்லாத பஸ். முக்கால் மணி நேரம். "எங்கங்க இறங்கோணும்?" என்று கண்டக்டர் கேட்டார். "அழகா இருக்கற எடத்துலங்க" என்றேன். ஊருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் நிறுத்தி, "இங்க எறங்குங்க, கீழ நடந்தா ஓடை வருமுங்க" என்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

இறங்கும் பாதையின் ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் படிப்படியாகக் கேரட் வயல். அதிகாலையில் மழை பெய்திருந்ததால் செம்மண் சோப்பு மாதிரி வழுக்கியது. 11.40 இருக்கும். கீழேயிருந்து ஒரு பெண் அலறுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன்.

மேல் படியில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்த பசு வழுக்கிக் கீழ்ப்படியில் விழுந்திருந்தது. நைலான் கயிறு கழுத்தில் சுருக்கு விழுந்து, தலை மேல்நோக்கி இழுபட்டு, நாக்கு வெளியே தொங்கியது. நிறைமாதச் சினை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கீழே உட்கார்ந்து அதன் தலையை இரு கையாலும் மேலே தாங்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். அவர் பெயர் செல்வமணி என்று பிறகுதான் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து கொஞ்சம் இளையவரான இன்னொரு பெண், ராணி, அரிவாளோடு ஓடி வந்து மரத்தடியில் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினார். பசுவின் தலை தொப்பென்று செல்வமணியின் மடியில் விழுந்தது. ஆனால் சுருக்கு அவிழவில்லை. முடிச்சு இறுகிக் கழுத்துச் சதைக்குள் புதைந்துவிட்டது. விரல்கூட நுழையாத இடத்தில் அரிவாளை எங்கே விடுவது?

"ஏனுங்க, சின்னக் கத்தி ஏதாச்சு வெச்சிருக்கீங்களா?" ராணி என்னைப் பார்த்துக் கேட்டார்.

பையைத் துழாவி எடுத்து விரித்தேன். அடுத்து நான் செய்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எங்கள் பக்கம் கத்தி, அரிவாள்மணை எதையும் கையில் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள். கீழே வைப்போம், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். பிறந்ததிலிருந்து பழகிய கை, அங்கே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் கேட்கவில்லை. பதவிசாகக் குனிந்து, ராணியின் காலடியில் அந்த ஈரச் செம்மண்மேல் கத்தியை வைத்தேன். அது சர்ரென்று வழுக்கிச் சரிவில் இறங்கித் தேயிலைச் செடிகளுக்குள் போய்விட்டது.

"அட, கையில குடுக்கறதுக்கென்னங்க!" ராணி கத்திக்கொண்டே செடிகளுக்குள் குதித்தார். நானும் சறுக்கிக்கொண்டே இறங்கினேன். இரண்டு பேரும் தூர்களுக்கிடையில் கை விட்டுத் தேடினோம். அரை நிமிடம் இருக்குமா? எனக்கு அரை நாள் போலிருந்தது. பசு மூச்சுக்கு இழுக்கும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. செல்வமணி அலறுவதை நிறுத்திவிட்டு, "ரோசி, ரோசி" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். என் மடத்தனத்தால் இரண்டு உயிர் போகப் போகிறது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராணிக்குத்தான் கிடைத்தது. மணிக்கட்டெல்லாம் கீறல். எடுத்த வேகத்தில் செல்வமணியிடம் நீட்டினார், செல்வமணி வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். நேருக்கு நேர், கைக்குக் கை. கயிற்றோரமாகத் தோலை அழுத்திப் பிடித்து, அலகைப் படுக்கையாக உள்ளே விட்டு, கூர் வெளியே பார்க்கும்படி திருப்பி இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்றாவது இழுப்பில் நைலான் விட்டது. பசு இருமுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுக் காற்றை இழுத்தது. பத்து நிமிடம் கழித்து எழுந்து உட்கார்ந்தது, அப்புறம் யாரையும் மதிக்காமல் அங்கேயே புல்லைக் கடித்தது.

நான் உளறிக்கொண்டே மன்னிப்புக் கேட்டேன். கீழே வைத்ததற்கான காரணத்தையும் சொன்னேன். செல்வமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "எங்களுக்கும் அந்தச் சாஸ்திரம் உண்டுங்க" என்றார். "ஆனா நாங்க ரெண்டு பேரும் பேசியே எட்டு மாசம் ஆச்சு. ஓரகத்திகதான், ஓடைத் தண்ணிக் கொழாயில வந்த வம்பு. இனி புதுசா என்ன சண்டை வந்துரப் போகுது?"

ராணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இந்தச் சரிவுல சுருக்கு முடிச்சுப் போட்டுக் கட்டுனா எந்த மாடு பொழைக்கும்? கேட்டுச் சொல்லுங்க."

"மாட்டுக்காரிக்குத் தெரியாத முடிச்சா? சொல்லுங்க அவகிட்ட" என்றார் செல்வமணி.

இரண்டு அடி தூரத்தில் நிற்கிறவர்களுக்கு நடுவில் நான் தூது. செல்வமணி வீட்டில் டீ குடித்தோம். "நான்" மட்டும்தான் குடித்தேன் என்று சொல்ல வேண்டும், ராணி வாசலோடு நின்றுகொண்டார். ஆனாலும் போகவில்லை. கன்று பிறந்தால் சொல்லுங்கள் என்று என் நம்பரைச் செல்வமணியின் போனில் பதிந்துவிட்டு 3.15 பஸ்ஸைப் பிடித்தேன்.

இனி கத்தியைப் பற்றி. நைலானை அறுத்ததில் அலகின் நடுவில் கூர் மங்கிவிட்டது, சாணைக்கல்லில் ஐந்து நிமிடம் தேய்த்ததும் திரும்பிவிட்டது. பிடியில் ஒரு நீளக் கீறல். முட்டுத் தகட்டின் விறைப்பைக் குறை என்று மேலே எழுதினேன். அவ்வளவு அழுத்தத்திலும் அலகு செல்வமணியின் விரல்மேல் மடங்காததற்கு அந்த விறைப்புதான் காரணம், ஆகவே குறையை வாபஸ் வாங்குகிறேன். பையின் அடியில் மடக்கியே வையுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விட மாட்டார்கள். முதுமலை, தெப்பக்காடு பக்கம் போவதானால் சோதனைச் சாவடியில் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் இத்தலாரில் நல்ல பிடிப்புள்ள செருப்பு அவசியம். யாராவது அவசரத்துக்குக் கத்தி கேட்டால், பிடியை அவர் பக்கம் திருப்பிக் கையிலேயே கொடுங்கள். சண்டை வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்பிய ஆறாம் நாள் மத்தியானம் செல்வமணி நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் ராணியின் குரல்.

"கெடாரிக் கன்னுங்க. நெத்தியில வெள்ளை. தாயும் புள்ளையும் சொகமா இருக்குதுங்க."

"செல்வமணியக்கா எங்கங்க?"

"அக்கா கை முழுக்கச் சீம்பாலு. அதான் போனை எங்கிட்டக் குடுத்துட்டாங்க."