நான்காவது கட்டம்

என் இரும்புப் பெட்டியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டை கிடக்கிறது. இந்தியன் இங்க் இன்னும் மங்கவில்லை. பனியில் ஒருவன் சாய்ந்து கிடக்கிறான். இன்னொருவன் தன் சட்டையைக் கிழித்து அவன் வயிற்றில் அழுத்திப் பிடித்திருக்கிறான். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது. தூக்கிப் போடவும் கை வரவில்லை.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகைக்குப் படக்கதை வரைந்தேன். வாரம் நான்கு கட்டம். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் நான்காவது கட்டத்தைக் கத்தரித்து என்னிடமே கொடுத்துவிடுவார்கள். அதனால் கதையை மூன்றாவதிலேயே முடித்துவிட்டு, நான்காவதில் சூரியனையோ கொடியையோ வரைந்து வைப்பது என் வழக்கம். வருஷா வருஷம் கொடிநாளுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் கதை. எல்லாரையும் ஒரே மீசையோடு வரைந்து வரைந்து எனக்கே சலித்துப்போயிருந்தது.

ஒரு வருஷம், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் தானாக என்னைத் தேடி வந்தார். சீனச் சண்டையில் தன் மடியிலேயே உயிர்விட்ட கூட்டாளியைப் பற்றிச் சொன்னார். கூட்டாளியின் மனைவி தேவதானத்தில் இருந்தார். அவருக்கு வந்தது ஒரு தந்தி மட்டும். கணவர் எப்படிச் செத்தார் என்று இருபது வருஷமாகச் சுபேதாரைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அவியளுக்கு எழுத்து தெரியாது தம்பி. எனக்கோ சொல்ல வாய் வரல. நீ படமாப் போட்டுட்டா, பேப்பரக் குடுத்துட்டு வந்துருவேன்," என்றார்.

கண் கலங்கிப்போய் வரைந்தேன். கலங்கிய புத்தியில் வழக்கத்தை மறந்து, சாவை நான்காவது கட்டத்தில் வைத்துத் தொலைத்தேன். பத்திரிகை வந்தது. மூன்றாவது கட்டத்தில் இருவரும் பனிமலை ஏறுகிறார்கள். நான்காவதன் இடத்தில் எங்கள் ஊர்க் கம்பெனி ஒன்றின் பேண்டேஜ் துணி விளம்பரம். அட மடையா, என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கத்தரித்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு சுபேதாரோடு தேவதானம் போனேன். அந்த அம்மா பத்திரிகையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரலால் தடவினார். "இது அவியதானே? நடையப் பாத்தாலே தெரியுதே," என்று சிரித்தார். விரல் விளம்பரத்தில் வந்து நின்றது. "பொறவு என்னண்ணே ஆச்சு?"

நான் பையைத் திறந்தேன். சுபேதார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அம்புட்டுதான் தாயி. அதுக்கு மேல போடல."

திரும்பும் பஸ்ஸில், "அச்சுல வந்திருந்தா குடுத்திருப்பேன். என் கையால எடுத்து நீட்ட முடியல தம்பி. நீயே வச்சுக்கோ," என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. என்மேல் வந்ததைவிடக் குறைவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுபேதார் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு அந்த அம்மா எனக்கு ஆள்விட்டு அனுப்பினார். "படம் போட்ட பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும், செத்த நேரம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க," என்றாராம். வாரேன் என்று சொல்லியனுப்பினேன். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு நாள் அவர் இறந்த செய்தியும் வந்துவிட்டது.

அட்டையைத் திரும்பவும் அடியில் வைக்கிறேன். இங்கிருந்து தேவதானத்துக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம்தான்.