ஸ்ரேசன் சந்தியிலை வாகனம் எண்ணினனான்

வீதியோரம் கதிரை போட்டு இருந்து வாகனம் எண்ணுறதும் ஒரு உத்தியோகம்தான்; வெயிலிலை காய்ஞ்சு தூசி குடிச்ச ஆக்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. புதுசா ஒரு காலை ரயிலைப் பரீட்சார்த்தமா விட்டிருந்தவை. வீதியிலை வாகனமும் புகையும் குறைஞ்சால் ரயில் ஓடும், குறையாட்டி நிப்பாட்டுவினம். அதைப் பாக்கத்தான் என்னைத் திருக்கேதீஸ்வரம் ஸ்ரேசன் சந்தியிலை இருத்தினவை.

மீன் லொறி

முதல்நாளே இலுப்பைக்கடவைப் பக்கத்து மீன் லொறி ஒண்டு எனக்குப் பக்கத்திலை நிண்டுது. வீதி அகலிக்கக் காணி அளக்கிறியளோ எண்டு றைவர் கேட்டார். இல்லை அண்ணை, புகைக் கணக்கு எண்டன். மனுசன் இறங்கிப் பின்னாலை போய், தன்ரை லொறி கக்கிற கரும்புகையை நல்லாப் பாத்திட்டு வந்தார்.

"தங்கச்சி, என்னைக் கொஞ்சம் குறைச்சு எழுதுங்கோ."

பாக்கியமக்கா

பாப்பாமோட்டையிலை குடியேறின மலைநாட்டுக் குடும்பம் பாக்கியமக்காவின்ரை. பேசாலையிலை நண்டு உடைக்கிற கொட்டிலிலை வேலை. முந்தி ரெண்டு பஸ் மாறிப் போவா. பிந்தினால் கேற் திறக்க மாட்டினம், அண்டைக்கு வேலையில்லை. இப்ப அஞ்சாறு பெம்பிளையளோடை ஓட்டோவிலை ஸ்ரேசனுக்கு வந்து, நேரே ரயிலிலை போறா. ஒவ்வொரு காலமையும் என்ரை தாளை எட்டிப் பாப்பா. எனக்கு அது பெரிய சங்கடம்.

"இந்த ரயில எடுத்துட்டாங்கன்னா எனக்கு வேலையும் போயிரும், தங்கச்சி."

அன்ரன்ரை ஓட்டோ

கிழமை முடிய, ரயில் விடமுதல் எண்ணின பழைய தாளோடை ஒத்துப் பாத்தன். வானும் மோட்டார் சைக்கிளும் குறைவு, ஆனால் ஓட்டோ கூடி, மொத்தமும் கூடிப்போச்சு.

அடுத்தநாள் கவனிச்சுப் பாத்தால் கூடின ஓட்டோ எல்லாம் அன்ரன்தான். முன்கண்ணாடியிலை அந்தோனியார் படம் ஒட்டின சிவப்பு ஓட்டோ. முந்தி ஒருக்கா மன்னார் ரவுணுக்கு ஆக்களை ஏத்திப் போனால் பின்னேரம்தான் வருவான். இப்ப ரயில் வரமுதல் ஸ்ரேசனுக்கும் பாப்பாமோட்டைக்கும் நாலைஞ்சு தரம் ஓடுறான். விசரி நான், போக ஒண்டு, வர ஒண்டெண்டு எல்லாத்தையும் கோடு கீறியிருக்கிறன். பெற்றோல் எப்பிடியெண்டு அவனைக் கேட்டன்.

"முந்தி ஒரு நாளைக்கு அடிச்சதிலை இப்ப ரெண்டு நாள் ஓடுறன், அக்கா."

கந்தோரிலை

ஓடிப்போய் மேற்பார்வை ஐயாவுக்குச் சொன்னன். ஒரே ஓட்டோதான் திரும்பத் திரும்ப வருது, புகை குறைஞ்சுதான் இருக்கு, ரவுணுக்குப் போற வாகனமெல்லாம் கடல் கடக்கிற தாம்போதியிலை ஒருநாள் எண்ணிப் பாப்பம் எண்டு கெஞ்சினன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். அதிலை அப்பிடி எழுத இடமில்லை.

"பிள்ளை, நீங்கள் எண்ணினால் போதும்."

திரும்பவும் அதே கதிரை

மாசம் முடிய ரயிலை நிப்பாட்டிப்போட்டினம். பிறகு வீதி எப்பிடி எண்டு பாக்க என்னைத் திரும்பவும் அங்கை இருத்தினவை. அன்ரன் ரவுணுக்கு ஒருக்காப் போனதோடை சரி. வானுகள் கூடினதுதான், எண்டாலும் மொத்தம் குறைஞ்சு போச்சு. கந்தோரிலை எல்லாருக்கும் சந்தோசம்.

பாக்கியமக்கா பஸ்ஸுக்கு நிண்டா. மூண்டு நாள் பிந்தினதாலை கொட்டிலிலை இனி வரவேண்டாம் எண்டிட்டினமாம், ரவுணிலை கூலிவேலை கேக்கப் போறாவாம். வழமைபோலை குனிஞ்சு தாளைப் பாத்தா.

"இதுல என்னைய எங்க எழுதியிருக்கீங்க, தங்கச்சி?"

ஒரு சைக்கிளைக்கூட விடாமல் எண்ணின கெட்டிக்காரி எண்டு எனக்கு ஒரு நற்சான்றுக் கடிதமும் தந்தவை, அலுமாரிக்குள்ளை கிடக்கு.